இடுப்பு வலியை யார் கணக்கில் எழுதுவது?

நடுப்பகல் | 4 ஆகஸ்ட் 2024, இரவு 9.40

ஒருவரை மனமாரப் பாராட்ட வேண்டுமென்றால் ‘இடுப்பொடிய உழைத்துக் குடும்பத்தைக் கரையேற்றினார்’ என்கிறோம். ஒடிந்த அந்த இடுப்பு பிறகு என்ன ஆயிற்று என்று எவரும் கேட்பதில்லை. தைலம் தேய்ப்பதும், மருந்துக்கடையில் சொல்லி வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதும், வயதானால் வரத்தான் செய்யும் என்று தேற்றிக்கொள்வதும் அவரவர் பாடாகிவிடுகிறது. இது அவரவர் பாடுதானா என்று கேட்கத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நான் பதினொரு ஆண்டுகள் ஒரு துணிக்கடையில் விற்பனையாளராக நின்றவன். ‘நின்றவன்’ என்பதை அதன் நேர்ப்பொருளிலேயே எழுதுகிறேன். காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை சாப்பாட்டு வேளை தவிர உட்கார வழியில்லை. வாடிக்கையாளர் இல்லாத மதிய நேரத்தில் துணிக்கட்டின் மீது சாய்ந்தால்கூட மேற்பார்வையாளர் பெயரைக் குறித்துக்கொள்வார். முப்பத்து நான்காம் வயதில் ஒரு காலை படுக்கையிலிருந்து எழ முடியாமல் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதிலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் இரண்டு ஸ்கேன், மூன்று பெல்ட், எண்ணிக்கை மறந்துபோன ஊசிகள், கடைசியில் வேலை மாற்றம். இப்போது வேறோர் ஊரில் கணக்கெழுதுகிறேன். வலி அவ்வப்போது வந்து போகிறது.

உலக அளவில் நோய்ச்சுமையைக் கணக்கிடும் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, 2020இல் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்தது. 2050இல் அது 84.3 கோடியாகும் என்று கணித்திருக்கிறார்கள். மனிதர்கள் உயிரோடு இருந்தும் முடங்கிக் கழிக்கும் ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தால், 1990 முதல் தொடர்ந்து முதலிடத்தில் இருப்பது இந்த வலிதான். அந்தச் சுமையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு வேலையின் தன்மை, புகைபிடித்தல், உடற்பருமன் ஆகிய மூன்றால் வருவது. அவற்றுள்ளும் வேலைதான் பெரியது.

ஆனால் நம் சுகாதாரத் திட்டங்களின் மொழியில் ‘தொற்றா நோய்’ என்றால் இதயநோய், புற்றுநோய், சர்க்கரை, நாள்பட்ட மூச்சுநோய் என்ற நான்கே முன்னால் வந்து நிற்கின்றன. ஐக்கிய நாடுகள் அவை 2030க்குள் எட்டச் சொல்லும் இலக்கும் இந்நோய்களால் வரும் அகால மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைப்பதையே அளவுகோலாகக் கொண்டிருக்கிறது. சாவை எண்ணும் கணக்கில், சாகடிக்காத நோய்க்கு எந்தப் பத்தியும் இல்லை. இடுப்பு வலி அப்படித்தான் விட்டுப்போயிற்று என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் தயங்காமல் எழுதுங்கள்.


கணிப்பொறிக்காரன் | 4 ஆகஸ்ட் 2024, இரவு 11.05

உங்கள் துன்பத்தைக் குறைத்துச் சொல்லவில்லை, நண்பரே. ஆனால் முடிவில் எனக்கு உடன்பாடில்லை. முதுகு வலி வந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அது தானாகவே அடங்கிவிடுகிறது. மாரடைப்புக்கும் புற்றுநோய்க்குமே போதிய படுக்கையும் பணமும் இல்லாத நாட்டில், தானாக ஆறும் ஒன்றை அரசின் தலையில் ஏற்றினால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒவ்வொரு மாவட்டத்திலும் ஸ்கேன் இயந்திரம் வேண்டும் என்பார்கள், வாங்குவார்கள், வரிசை நீளும், அறுவை சிகிச்சைகள் பெருகும். நானும் பத்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவன்தான். வலி வந்தது, காலையில் அரை மணி நேரம் உடற்பயிற்சி தொடங்கினேன், போய்விட்டது. இதில் தனிமனிதப் பொறுப்பு என்று ஒன்று இருப்பதை நாம் மறுக்கக் கூடாது.


இயன்முறை சேலம் | 5 ஆகஸ்ட் 2024, காலை 6.50

இருபது ஆண்டுகளாக இயன்முறை சிகிச்சை செய்து வருகிறேன். கணிப்பொறிக்காரன் அவர்களின் அச்சத்தில் பாதி முழுக்க நியாயமானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இடுப்பு வலியைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்று அறிவித்துவிட்டு ஸ்கேன் இயந்திரம் வாங்கினால், நோயைக் குறைப்பதற்கு மாறாக நோயாளிகளை உற்பத்தி செய்வோம்.

என்னிடம் வருகிறவர்களில் பலர் உட்காரும் முன்பே உறையைப் பிரித்து ஸ்கேன் படத்தை நீட்டுகிறார்கள். ‘எனக்கு ஜவ்வு தேய்ந்துவிட்டது’, ‘எல் நான்கு, எல் ஐந்தில் டிஸ்க் விலகிவிட்டது’ என்று, தீர்ப்பு எழுதிய நீதிபதியின் குரலில் சொல்கிறார்கள். குனிந்தால் ஜவ்வு பிதுங்கி நரம்பை அறுத்துவிடும் என்று ஒருவர் எட்டு மாதங்களாகச் செருப்பைக்கூடக் குனிந்து மாட்டாமல் இருந்தார். அவருடைய முதுகுத் தசைகள் பட்ட பாட்டை அந்தப் படம் காட்டவில்லை.

1994இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஓர் இடத்திலாவது டிஸ்க், அதாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு, புடைத்திருந்தது. 27 விழுக்காட்டினருக்குப் பிதுக்கமே இருந்தது. வலியில்லாதவர்களைப் படமெடுத்த பல ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தபோது, டிஸ்க் தேய்மானம் இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் இருப்பது தெரிந்தது. தலை நரைப்பதைப் போல முதுகும் உள்ளே நரைக்கிறது. இது பெரும்பாலும் நோயின் தடயம் அல்ல என்று படத்தைக் கையில் கொடுக்கும்போதே ஒருவர் விளக்கிச் சொல்லியிருந்தால், நான் பார்க்கும் பாதிப் பேர் அந்த எட்டு மாதங்களை இழந்திருக்க மாட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கென்று முதன்முறையாக வழிகாட்டுதல் வெளியிட்டது. நீண்டகாலமாக வலிப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, இன்ன எலும்பு, இன்ன ஜவ்வு என்று சுட்டிக் காட்டக்கூடிய தனிக்காரணம் கிடைப்பதில்லை என்பதை ஒப்புக்கொண்டே அது பேசுகிறது. வலியைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, கையால் செய்யும் சில சிகிச்சைகள், மனநல அணுகுமுறைகள், தேவைப்பட்டால் அழற்சி குறைக்கும் மாத்திரை ஆகியவற்றை அது ஏற்கிறது. இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனையும், அபின் சார்ந்த ஓபியாய்டு வகை வலிநீக்கிகளையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. நம் ஊர் மருந்துக்கடைகளில் முதலில் கண்ணில் படும்படி தொங்குவது எது என்று நினைத்துப் பாருங்கள்.

படுக்கையைப் பற்றியும் ஒரு சொல். ‘ஒரு மாதம் அசையாமல் பலகையில் படு’ என்பது என் ஆசிரியர் காலத்து மருத்துவம். 1986இல் இரண்டு நாள் ஓய்வையும் ஏழு நாள் ஓய்வையும் ஒப்பிட்ட ஆய்வில் ஏழு நாள் படுத்தவர்களுக்குக் கூடுதல் பயன் ஏதுமில்லை, வேலைநாள்தான் அதிகம் போயிற்று. 1995இல் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களிடம் செய்த ஆய்வில், படுக்கச் சொன்னவர்களைவிட, வலி தாங்குமளவுக்கு அன்றாட வேலைகளைத் தொடரச் சொன்னவர்கள் விரைவில் தேறினார்கள். முப்பது ஆண்டுகள் ஆகப் போகின்றன. பலகை இன்னும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை.


மூட்டைக்கணக்கு | 5 ஆகஸ்ட் 2024, இரவு 10.15

சுமைதூக்கும் தொழிலாளர் சங்கம் ஒன்றில் கணக்குப் பார்ப்பவன் நான். மருத்துவம் தெரியாது, மூட்டை தெரியும். ஆகவே மூட்டையைப் பற்றி எழுதுகிறேன்.

ஒரு லாரியில் 20 டன் சிமென்ட் வந்தால் 50 கிலோ வீதம் 400 மூட்டை. எட்டுப் பேர் இறக்கினால் ஆளுக்கு 50 மூட்டை, அதாவது இரண்டரை டன். ஒரு நாளைக்கு இரண்டு லாரி சாதாரணம். மூன்றாவது வந்தால் முகம் மலரும், ஏனென்றால் கூலி மூட்டைக்கு இவ்வளவு என்றுதான். முதுகு வலிக்கிறது என்று ஒருவர் உட்கார்ந்தால் அவருடைய பங்கை மற்ற ஏழு பேர் சுமக்க வேண்டும். அதனால் யாரும் உட்காருவதில்லை. துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தூக்குவார்கள், மாலையில் ஊசி போட்டுக்கொள்வார்கள். ஐம்பதை நெருங்கும்போது ‘இனி முடியாது’ என்று ஒதுங்குகிறவர்கள் எந்தப் பதிவேட்டிலும் நோயாளியாக இல்லை. எங்கள் பேரேட்டில் ‘பெயர் நீக்கம்’ என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான்.

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. காயம் விளைவிக்கக்கூடிய அளவு பாரத்தை எவரையும் தூக்க வைக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 34ஆவது பிரிவில் சொன்னது. ஆனால் கிட்டங்கித் தெருவும் மண்டியும் தொழிற்சாலை ஆகா. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று 1982இல் தனிச் சட்டமே வந்தது. அதன் வழியாக வாரியமும் உதவித்தொகையும் கிடைத்தன. மூட்டையின் எடை மட்டும் அப்படியே இருந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே வயது வந்த ஆணுக்கு 55 கிலோவுக்கு மேல் கூடாதென்று பரிந்துரைத்தது. அந்த 55 என்பது எலும்பைப் பார்த்து முடிவான எண்ணா, வணிகத்தைப் பார்த்து முடிவான எண்ணா என்று எனக்கு எப்போதும் ஓர் ஐயம் உண்டு.

அரிசியில் ஒரு மாற்றம் எங்கள் கண் முன்னாலேயே நடந்தது. 75 கிலோ மூட்டை போய் 25 கிலோ சிப்பம் வந்தது. தொழிலாளியின் இடுப்பைப் பார்த்து யாரும் இரக்கப்படவில்லை. சிறு குடும்பங்கள் சிப்பமாக வாங்க விரும்பின, அவ்வளவுதான். நுகர்வோருக்காக மாற்ற முடிகிற எடையைத் தூக்குகிறவருக்காக ஏன் மாற்ற முடியாது? பிரிட்டனில் சிமென்டே 25 கிலோ பையில்தான் விற்கிறதாம். கணிப்பொறிக்காரன் தம்பி சொல்லும் தனிமனிதப் பொறுப்பில், மூட்டையின் எடையை முடிவு செய்யும் பொறுப்பு எங்கள் ஆட்களிடம் இல்லை.


கணிப்பொறிக்காரன் | 5 ஆகஸ்ட் 2024, இரவு 11.30

ஐயா, நீங்கள் சொன்னதைப் படித்தபின் என் எடுத்துக்காட்டு எவ்வளவு சிறியது என்று உணர்கிறேன். ஆயினும் ஒரு கேள்வி. முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தித் தூக்கும் முறையைச் சங்கமே பயிற்சியாகக் கொடுத்தால் பெருமளவு தடுக்கலாமே?


இயன்முறை சேலம் | 6 ஆகஸ்ட் 2024, காலை 6.35

அப்படித்தான் நாங்களும் நம்பினோம். நானே பல ஆலைகளில் அந்த வகுப்பை எடுத்திருக்கிறேன். ஆனால் சுமை தூக்கும் முறையைக் கற்பிப்பது மட்டும் முதுகு வலியைத் தடுப்பதில்லை என்று ஆய்வுத் தொகுப்புகள் மீண்டும் மீண்டும் காட்டிவிட்டன. பெல்ட் கட்டிக்கொண்டு தூக்குவதும் தடுப்பதில்லை. மணிக்கு இவ்வளவு மூட்டை என்று ஓடும் வேலையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுவதற்கு யாருக்கு மூச்சு இருக்கும்?

அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் எடை தூக்குவதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. எல்லாச் சூழ்நிலையும் சாதகமாக இருக்கும்போது 23 கிலோ என்று அது தொடங்குகிறது. பிறகு சுமை உடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, தரையிலிருந்தா இடுப்பு உயரத்திலிருந்தா எடுக்கிறோம், இடுப்பைத் திருப்ப வேண்டியிருக்கிறதா, நிமிடத்துக்கு எத்தனை முறை, பிடிக்க வாகான இடம் உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் அந்த எண்ணைக் குறைத்துக்கொண்டே போகும். ஆகவே மூட்டைக்கணக்கு ஐயா சொல்லும் எடை ஒரு பாதிதான். மூட்டை எந்த உயரத்திலிருந்து எந்த உயரத்துக்குப் போகிறது என்பது மறுபாதி. எடையைப் பாதியாக்கி, நடையை இரட்டிப்பாக்கி, எல்லாவற்றையும் தரையிலிருந்தே தூக்க வைத்தால் ஆதாயம் எதிர்பார்த்த அளவுக்கு வராது.


வயல்வரப்பு | 6 ஆகஸ்ட் 2024, மாலை 4.20

இதுவரை பேசியவர்கள் எல்லாரும் ஆண்களின் இடுப்பைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். உலகக் கணக்கில் ஆண்களைவிடப் பெண்களுக்கே இந்த வலி அதிகம் என்பதை நடுப்பகல் அவர்கள் விட்டுவிட்டார்.

என் அம்மா நாற்பது ஆண்டுகள் நடவு நட்டவர். நடவு என்பது குனிந்தபடியே பின்னோக்கி நடக்கும் வேலை. ஏக்கருக்கு இவ்வளவு என்று கொத்தாகப் பேசிய கூலியாதலால் நிமிர்கிற நேரம் எல்லாருக்கும் நட்டம். நிமிர்ந்தவளை வரப்பிலிருக்கும் ஆள் ஓர் அதட்டல் போடுவார். நடவு முடிந்தால் களையெடுப்பு, அதுவும் குனிந்தே. திருந்திய நெல் சாகுபடி வந்தபோது வேளாண்மைத் துறையினர் கோனோவீடரைக் காட்டி, நின்றுகொண்டே களையை உருட்டலாம் என்றார்கள். நல்ல கருவிதான். அது வந்ததும் அந்த வேலை ஆண்களுக்குப் போய்விட்டது. நடவு இயந்திரமும் அப்படியே. இடுப்பைக் காப்பாற்றிய கருவி கூலியைக் கொண்டுபோய்விட்டது என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் இங்கே கேட்டுவிட வேண்டும். எங்கள் தெருவில் எந்தப் பெண்ணிடம் கேட்டாலும், ‘சிசேரியனுக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டார்களே, அன்று பிடித்தது’ என்பார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2019–21 காலத்தில் தமிழ்நாட்டுப் பிறப்புகளில் 44.9 விழுக்காடு அறுவை சிகிச்சையில் நடந்தவை. அந்த ஊசிதான் காரணமென்றால் இது எவ்வளவு பெரிய செய்தி! இல்லையென்றால், ஏன் எவரும் எங்களிடம் இல்லை என்று சொல்லவில்லை?


கிராமத்து மருத்துவர் | 6 ஆகஸ்ட் 2024, இரவு 10.50

அம்மா, உங்கள் கேள்விக்கு முதலில் மறுமொழி சொல்கிறேன். ஊசி போட்ட இடத்தில் சில நாள்கள் வலி இருப்பது உண்மை. ஆனால் பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் மருந்து செலுத்திக்கொண்டவர்களையும் செலுத்திக்கொள்ளாதவர்களையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், நீண்டகால முதுகு வலி இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. பேறுகாலத்தில் எடை கூடுகிறது, வயிற்றுத் தசை தளர்கிறது, இடுப்பு மூட்டுகள் இளகுகின்றன. அதற்குப் பிறகு குழந்தையைத் தூக்குவது, தூக்கமின்மை, மூன்றாம் மாதமே தண்ணீர்க் குடம் சுமப்பது. ஊசிக்கு நாளும் நேரமும் உண்டு, மற்றவற்றுக்கு இல்லை. ஆகவே பழி ஊசியின் மேல் விழுகிறது. எங்கள் தரப்பில் யாரும் உட்கார்ந்து இதைச் சொல்லவில்லை என்ற உங்கள் குறை முற்றிலும் சரி.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு காலை நேரத்தில் நூறு பேருக்கு மேல் பார்க்கிறேன். இடுப்பு வலி என்று வருபவருக்கு நான் தர வேண்டியது பத்து நிமிடப் பேச்சு. என்னிடம் இருப்பது ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடத்துக்குள் அடங்குவது டைக்ளோஃபெனாக் என்ற வலிநீக்கி ஊசிதான். ஊசி போடாத மருத்துவரைக் கைராசியில்லாதவர் என்று ஊர் முடிவு செய்துவிடும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் இந்த வகை மருந்துகளை மாதக்கணக்கில் கடையில் வாங்கித் தின்று, சிறுநீரகம் கெட்டு வருவதைப் பார்க்கிறேன். இடுப்பு வலி சாகடிக்காது என்று நடுப்பகல் எழுதியதில் எனக்குள்ள ஒரே திருத்தம் இதுதான்: வலி சாகடிப்பதில்லை, வலிக்காகத் தின்னும் மாத்திரை சிலரைச் சாகடிக்கிறது. இதே டைக்ளோஃபெனாக் மாட்டுப் பிணத்தின் வழியாகப் பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது என்று கண்டு 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தோம்.

எனக்கு ஓர் அச்சமும் உண்டு. ‘ஒன்றுமில்லை, நடமாடுங்கள்’ என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லத் தொடங்கினால், வலிக்குப் பின்னால் பெரிய நோய் உள்ள சிலரைத் தவறவிடுவோம். நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் பழங்கதை ஆகிவிடவில்லை. மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவில் படுத்தாலும் தணியாத வலி என்று ஒருவர் சொன்னால் அவரை நடக்கச் சொல்லி அனுப்பக் கூடாது. முன்பு புற்றுநோய் இருந்தவர், கீழே விழுந்த முதியவர், பாதம் தொங்குகிறவர், சிறுநீர் அடைத்துக்கொள்பவர் அல்லது தெரியாமல் போகிறவர், உட்காரும்போது இருக்கையில் படும் பகுதி மரத்துப்போனவர் ஆகியோரை அன்றே மேல்மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். கடைசி இரண்டுக்கும் மணிக்கணக்கு முக்கியம். முதுகெலும்புக் காசநோயை மருந்தாலேயே, பெரும்பாலோர் நடமாடிக்கொண்டே குணப்படுத்தலாம் என்று சென்னையிலுள்ள காசநோய் ஆராய்ச்சி மையம் பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருக்கிறது. அவ்வளவு நல்ல மருந்து இருந்தும், ஆறு மாதம் பெல்ட் கட்டிய பிறகு கால் செயலிழந்து வருபவரைப் பார்க்கும்போது மனம் கசந்துபோகிறது.


கத்திபட்டவர் | 7 ஆகஸ்ட் 2024, காலை 9.10

அறுவை சிகிச்சை என்றாலே வியாபாரம் என்பதுபோல் பேச்சு போவதால் எழுதுகிறேன். எனக்கு வலி இடுப்பில் தொடங்கித் தொடை வழியாகக் கட்டை விரல் வரை மின்சாரம் போல் இறங்கியது. மூன்று மாதம் எல்லாம் செய்து பார்த்தோம். டிஸ்க்கின் பிதுங்கிய பகுதியை எடுத்த மறுநாள் கால்வலி இல்லை. இது என் அனுபவம்.


இயன்முறை சேலம் | 7 ஆகஸ்ட் 2024, இரவு 9.00

உங்களுடையது நரம்பு அழுத்தத்தால் காலுக்கு இறங்கும் வலி. நாம் பேசிக்கொண்டிருந்த பத்தில் ஒன்பது பேரின் கணக்கில் அது சேராது. நெதர்லாந்தில் 2007இல் வெளியான ஆய்வில், கடும் கால்வலி உள்ள 283 பேரில் ஒரு பாதிக்கு உடனே அறுவை செய்தார்கள், மறுபாதியைக் காத்திருக்கச் சொன்னார்கள். அறுவை செய்துகொண்டவர்கள் விரைவில் தேறினார்கள். காத்திருந்தவர்களில் 39 விழுக்காட்டினர் பொறுக்க முடியாமல் பின்னர் அறுவை செய்துகொண்டார்கள். ஓராண்டு முடிவில் இரு தரப்பும் ஒரே நிலைக்கு வந்துவிட்டன. ஆகவே உங்கள் முடிவு தவறில்லை. வெறும் இடுப்பு வலிக்கு உங்கள் கதையைச் சொல்லிக் கத்தி வைப்பதுதான் தவறு.

நடைப்பயிற்சி பற்றித் தனிமடலில் கேட்டவருக்கு: ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடந்து, 2024 ஜூன் மாதம் வெளியான ஆய்வில், வலி வந்து தேறியவர்களுக்குப் படிப்படியாக நடைப்பயிற்சியும் விளக்கமும் கொடுத்தபோது மறுபடி வலி வருவதற்கு நடுமதிப்பாக 208 நாள்கள் ஆயின, கொடுக்காதவர்களுக்கு 112 நாள்கள். கருவி வேண்டாம், செலவு இல்லை.


மூட்டைக்கணக்கு | 7 ஆகஸ்ட் 2024, இரவு 9.25

எங்கள் ஆட்களை நடக்கச் சொல்ல வேண்டாம் அம்மா. நடக்கத்தான் நடக்கிறார்கள், தலையில் மூட்டையோடு.


இயன்முறை சேலம் | 7 ஆகஸ்ட் 2024, இரவு 9.32

சிரித்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆய்வு அவர்களுக்கானது அல்ல. அவர்களுக்கு வேண்டியது வேலைக்கு நடுவே ஓய்வு.


நடுப்பகல் | 8 ஆகஸ்ட் 2024, இரவு 10.00

இத்தனை பேர் எழுதியதைப் படித்தபின் என் முதல் பதிவில் இரண்டு இடங்களைத் திருத்திக்கொள்கிறேன். பெண்களை விட்டது பிழை. ‘நோய்’ என்ற சொல்லை அவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தியதும் சரியில்லை. என்னையே நோயாளி ஆக்கியதில் அந்த இரண்டு ஸ்கேன்களுக்கும் பங்கு உண்டு என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

ஆனால் பொதுச் சுகாதாரம் என்றால் இயந்திரம் வாங்குவதுதான் என்று கணிப்பொறிக்காரன் கருதியதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1997 முதல் தொலைக்காட்சியில் ஒரு பிரசாரம் நடத்தினார்கள். முதுகு வலி வந்தால் படுத்துவிடாதீர்கள், நடமாடுங்கள், வேலையை விடாதீர்கள் என்பதே செய்தி. அண்டை மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்த்தபோது விக்டோரியாவில் மக்களின் நம்பிக்கைகளும் மருத்துவர்களின் அறிவுரையும் மாறியிருந்தன, முதுகு வலிக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகளும் குறைந்திருந்தன. நமக்கோ ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் அது தொடங்கியபோதே, சர்க்கரை மாத்திரையோடு வீட்டு வாசலில் இயன்முறை சிகிச்சையும் திட்டத்தில் இருந்தது. படுத்த படுக்கையானவர்களிடம் போகும் அதே ஆளை, படுக்கைக்குப் போகும் முன்பே ஒரு முறை நடவுப் பெண்களிடமும் மண்டிக்கும் அனுப்பினால் என்ன?

நான் நின்ற கடைக்கும் வருகிறேன். 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற புதிய பிரிவைச் சேர்த்து, ஊழியர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்வதற்கு இருக்கை இருக்க வேண்டும் என்றார்கள். கேரளம் 2018இலேயே செய்தது. இந்த மாநிலத்தில் இடுப்பு வலிக்காக எடுத்த மிகப் பெரிய நடவடிக்கை எது என்று என்னைக் கேட்டால், மருத்துவத் துறையோடு தொடர்பே இல்லாத இந்த ஒரு பிரிவைத்தான் சொல்வேன். சென்ற மாதம் ஊருக்குப் போனபோது பழைய கடைக்குள் நுழைந்து பார்த்தேன். ஸ்டூல்கள் இருந்தன. ஒவ்வொரு ஸ்டூலின் மேலும் துணிக்கட்டு அடுக்கியிருந்தது.


வயல்வரப்பு | 8 ஆகஸ்ட் 2024, இரவு 10.40

வாய்ப்புக் கிடைக்கும்போது என்ற சொல்லிலேயே அந்தத் துணிக்கட்டு இருக்கிறது, அண்ணா. வாய்ப்பு எப்போது என்று முடிவு செய்பவர் யார்?


மூட்டைக்கணக்கு | 25 ஆகஸ்ட் 2024, இரவு 8.10

இழை கீழே போய்விட்டது என்றாலும் ஒரு செய்தி சொல்ல வந்தேன். உயரம்தான் மறுபாதி என்று இயன்முறை அம்மா எழுதியது மனத்தில் நின்றது. 25 கிலோ பை பற்றி வியாபாரிகளிடம் பேசிப் பார்த்தேன். கம்பெனி அனுப்புவதைத்தான் விற்க முடியும் என்றார்கள். எங்கள் ஆட்களோ, பை சிறிதானால் மூட்டைக் கூலியையும் பாதியாக்கிவிடுவார்கள் என்று பயந்தார்கள். டன்னுக்கு இவ்வளவு என்று கூலியை மாற்றாமல் பையை மாற்ற முடியாது. அது அடுத்த ஒப்பந்தத்தில் பேச வேண்டிய விஷயம்.

ஆனால் மேடை போட யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கிட்டங்கி வாசலில் லாரித் தட்டின் உயரத்துக்குச் செங்கல் அடுக்கி, மேலே பழைய மரச்சட்டங்களைப் பரப்பி ஒரு மேடை கட்டினோம். இப்போது லாரியிலிருந்து மூட்டை நேராக மேடைக்கு வருகிறது, மேடையிலிருந்து தோளுக்குப் போகிறது. தரைக்கு இறங்கி மறுபடி ஏறும் வேலை பெரும்பாலும் நின்றுவிட்டது. வலி குறைந்ததா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. ஆகவே பேரேட்டின் கடைசிப் பக்கங்களில் கோடு போட்டு, பெயர், வயது, எத்தனை மூட்டை, இன்று வலி உண்டா இல்லையா, ஊசி போட்டாரா என்று ஐந்து பத்திகள் வைத்திருக்கிறேன். கூலி கொடுக்கும்போதே கேட்டு எழுதிவிடுகிறேன். முதல் நாள் எல்லாரும் சிரித்தார்கள். நேற்று ஒருவரிடம் கேட்க மறந்துவிட்டேன், அவராகவே திரும்பி வந்து பதிலைச் சொல்லிவிட்டுப் போனார்.